பம்பரில் தொங்கிய வயர்

நாமக்கல் ஏலத்தில் எடுத்தது,
மூக்கு நீண்ட பழைய லாரி.
நம்பர் பிளேட்டில் ஜே.கே. என்று இருந்தது.
கண்ணாடிக்குள் சாயம்போன ஐந்து நிறக் கொடிகள்.
முன் பம்பருக்குக் கீழே
ஒரு வயர்,
வயரின் நுனியில் மூன்று கால் பிளக்.

லாரிக்கு எதற்குப் பிளக்?
இவர் இழுத்துப் பார்த்தார், வரவில்லை.
சிப்காட்டில் வேலை பார்க்கும் என் தம்பி தேசிங்கு
"வெட்டிப் போடு மாமா, ஷாக் அடிக்கும்" என்றான்.
கவுஸ் பாய்தான் அடியில் படுத்து
டார்ச் அடித்து
தலையை மட்டும் வெளியே நீட்டிச் சிரித்தார்:

"பிளாக்குக்குள்ள காயில் வெச்சிருக்கான்மா.
பக்கெட்டுல போடுவமே, அதே மாதிரி.
லடாக் குளிருல டீசல் மெழுகாயிடும்,
ஆயில் அல்வாவாயிடும்.
ராத்திரி பூரா இஞ்சினுக்கு வெந்நீர் வெச்சாத்தான்
காலையில எழும்பும்."

"கடலூர்ல?"

"கடலூர்ல அதுக்கு என்னா வேலை."

வெட்டாமல் சுருட்டிக் கட்டிவைத்தோம்.
ஐப்பசி மழை போனது, புயல் ஒன்று
வருகிறேன் வருகிறேன் என்று ஆந்திராவுக்குப் போனது.
மார்கழியில் உப்பனாற்றிலிருந்து பனி எழுந்து
ஓ.டி. தெருக்களில் ஆள் உயரம் நின்றது.
பேட்டரியும் கிழடு.
மூன்று மணிக்குச் சாவி போட்டால்
கிர்ர், கிர், க்.
அப்புறம் தள்ள வேண்டும்.
தள்ள நாலு பேர்,
ஆளுக்கு ஒரு டீ ஒரு பன்.
துறைமுகத்தில் மீன் காத்திருக்கும்,
பெட்டிகளில் ஐஸ் கரைந்துகொண்டிருக்கும்.

ஒரு நாள் ராத்திரி ஜன்னல் வழியாக
ஃபேன் போர்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்தார்.
அந்தப் பிளக்கைச் சொருகினார்.
மீட்டரில் சிவப்பு விளக்கு
படபடவென்று கண்ணடித்தது.

நான் மூன்று வருஷமாகக் கேட்கிறேன்,
குளிக்க ஒரு ஹீட்டர்.
லாரிக்கு வந்துவிட்டது.

இறால் கம்பெனியில் எனக்கு நாலு மணி ஷிப்ட்.
ஐஸ் தண்ணீருக்குள் கை,
தலை கிள்ளி, ஓடு உரித்து, நரம்பு எடுத்து
கிலோவுக்கு இவ்வளவு என்று.
வீட்டுக்கு வந்து அடுப்பு பற்றவைத்தால்
தீக்குச்சி விரலில் நிற்காது.
விரல் என்னுடையதா என்று
கடித்துப் பார்த்ததுண்டு.

அன்றைக்கு இவருக்கு முன்னால் எழுந்தேன்.
கோபத்தில் பிடுங்கிப் போடத்தான் போனேன்.
அடியில் தெருநாய் சுருண்டு கிடந்தது,
தலைகூடத் தூக்கவில்லை.
பானெட்டைத் தூக்கி
பிளாக்கின் மேல் உள்ளங்கையை வைத்தேன்.

சோறு வடித்து மூடிவைத்த பானையின் சூடு.
சுடவில்லை. விடவுமில்லை.
கட்டைவிரல் வந்தது,
அப்புறம் ஒவ்வொன்றாக.
சுண்டுவிரல் கடைசி.

கையில் பிடித்த பிளக்கில் என்னவோ நெருடியது.
வயரின் கழுத்தைச் சுற்றி
நீலக் கம்பளி நூல்,
இறுக்கி, மேலும் கீழுமாகச் சுற்றி
முடிச்சை உள்ளே மறைத்திருந்தது.
டிரைவர் போட்ட முடிச்சு இல்லை அது.
வெறுங்கையில் பிடித்தால்
ஒட்டிக்கொள்ளும் குளிராம் அங்கே.
அவளும் மூன்று மணிக்குக் கதவு திறந்து
இறங்கியிருப்பாளோ என்னவோ.

இவர் வந்து சாவி போட்டார்.
ஒரே சுற்று.
தள்ள வந்த நாலு பேரும்
துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்கள்.
பன் போச்சு என்றான் அதில் ஒருத்தன்.

மாசி வந்துவிட்டது.
வெயில் ஏழு மணிக்கே முதுகைச் சுடுகிறது,
பேட்டரியும் புதுசு மாற்றியாயிற்று.
வயரைச் சுருட்டிவிடு என்று
இவர் எப்போதோ சொல்லிவிட்டார்.

ராத்திரி படுக்கப் போகுமுன்
நான் இன்னும் சொருகிவிட்டுத்தான் போகிறேன்.
கரண்ட் பில் வந்தது.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்,
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்,
ஒன்றும் கேட்கவில்லை.

குளிக்கிற ஹீட்டர்
இன்னும் வாங்கவில்லை.